சன்னல் பக்கம் சாய்ந்த முளைப்பாரி

ஆடித் திங்கள், வியாழன் இரவு. தண்டையார்பேட்டை.

நாளை மாலை என் மனைவி மல்லிகா அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி சுமக்க வேண்டும். மகளுக்குப் பிள்ளைப்பேறு நலமாக அமைய வேண்டுமென்று நேர்ந்துகொண்டாள். ஒளி படாமல் முளைத்தால்தான் பயறு வெளிறி உயரமாக எழும் என்று பின்னறையை ஒரு வாரமாக அடைத்தே வைத்திருந்தாள். காலையில் பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசவேண்டிய உரையை ஒத்திகை பார்க்க அங்கே சென்ற நான், புழுக்கம் தாளாமல் சன்னலைத் திறந்தேன். மூட மறந்து கூட்டத்திற்குப் போய்விட்டேன்.

திரும்பியபோது தளிர்கள் யாவும் சன்னலை நோக்கிச் சாய்ந்திருந்தன. நுனிகளில் பச்சை ஏறியிருந்தது.

"ஊரு இருட்டயெல்லாம் மைக்குல ஒழிச்சிகினு கீறியே, அது பத்தாதாய்யா? என் ரூம்பு இருட்டு உன்ன இன்னா பண்ணிச்சி?" என்றாள் மல்லிகா. பிறகு என்னிடம் பேசவில்லை. தொலைபேசியில் மகளிடம் மட்டும், "சூப்பரா வளந்துகீதுமா" என்றாள்.

நேர்ச்சையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் சன்னலை மூடி, முளைப்பாரிச் சட்டியைத் திருப்பி வைத்தேன். வேர் கீழே இறங்கவும் தண்டு மேலே எழவும் ஒளி வேண்டியதில்லை; இருட்டிலும் தண்டு தானே நிமிரும். விடிவதற்குள் நிமிர வேண்டும். ஏறிய பச்சையைப் போக்கத்தான் வழியில்லை.

சன்னல் இடுக்கில் தெருவிளக்கின் ஒளி கசிந்தது. நாளைய மேடைக்கென மடித்து வைத்திருந்த தோள்துண்டை எடுத்து அங்கே கட்டிவிட்டேன்.