அப்பாவின் சேனலில் நான் பேசியது

கும் ஹெலிக்,
7 நவம்பர் 1982, ஞாயிறு இரவு

அன்புள்ள ஐர்வென் அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் உனக்கு இன்னும் இரவு வேலைதானா? லிவர்பூலில் மழையா? இங்கே மழை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் டிவியில் வரப்போகிறேன். அதில் நான் சொல்லியிருப்பதைக் கேட்டால் அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிடுவார், உன்னோடு நிறுத்தியதைப் போல. அப்புறம் இந்த வீட்டில் பேசுவதற்கு நானும் நாயும்தான் மிச்சம். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட, எல்லார்மேலும் எரிச்சலாக இருக்கிறது. உன்மேலும்தான். முழுவதும் படி.

போன மாதம் எங்கள் பள்ளிக்குப் புது சேனலின் சிறுவர் நிகழ்ச்சிக்காக ஆட்கள் வந்தார்கள். கேமரா, கம்பத்தில் கட்டிய மைக், சிவப்பு கம்பளிச் சட்டை போட்ட ஓர் அக்கா. ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: வீட்டில் என்ன பார்ப்பாய்? என் முறை வந்தபோது, எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக டிவி இல்லை, வெல்ஷ் மொழிச் சேனல் கேட்டு அப்பா டிவி லைசென்ஸ் கட்டணத்தைக் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனவர் என்று சொன்னேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, "அடப் பாவமே, அப்போ டிவில என்ன வரும்னே உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "அவங்க வீட்டுல ஆட்டைத்தான் பாப்பாங்க" என்றான்.

அதற்குப் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். திங்களும் புதனும் சபைப் பெண்களின் தையல் கூட்டம் என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்துப் பண்ணை டிலிஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போகிறாள், அங்கே அந்த இங்கிலீஷ் தொடரைப் பார்க்கிறாள், திரும்பி வந்து எனக்குத் தலை சீவிவிடும்போது முழுக் கதையையும் சொல்கிறாள் என்றேன். அதில் வரும் துணிக்கடை முதலாளி எப்படி மூக்கால் பேசுவான், அவனுடைய இரண்டாவது மருமகள் எப்படி அழுதுகொண்டே கதவைச் சாத்துவாள் என்று நடித்தும் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேமராக்காரர்கூட. நான் தலை குனிந்து வணக்கம் வேறு வைத்தேன், அக்கா. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், பாலத்தைத் தாண்டும்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

டெலிபோன் பூத்திலிருந்து சேனல் ஆட்களுக்குப் பேசிப் பார்த்தேன். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தச் சிவப்புச் சட்டை அக்கா என்னிடம், "யாரு, லினெட்டா? அடியே தங்கம், நிகழ்ச்சிக்கு உசிரே நீதான். உன்னைத்தான் முதல்ல போடுறோம்" என்றாள். காரணம் சொல்வதற்குள் காசு தீர்ந்து இணைப்பு போய்விட்டது. இவ்வளவு நல்லவர்களாக இருப்பவர்களிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

முதல் நாளைப் பற்றி உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். போன திங்கள்தான் சேனல் தொடங்கியது. அப்பா பத்து நாள் முன்பே தபால் நிலையத்துக்குப் போய் டிவி லைசென்ஸ் வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு. நம்பு. பிறகு புது டிவிப் பெட்டி வந்தது. முதல் நாள் ஊரே சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அதை டிரெய்லரில் ஏற்றி, மேலே வைக்கோலும் போர்வையும் போட்டு, பிரசவத்துக்குக் கொண்டுபோவது போலச் சபைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கூடத்துக்கு ஆன்டெனா இல்லை. பக்கத்தில் போதகர் வீட்டுக் கூரையில் இருப்பதிலிருந்து ஒயரை இழுத்தார்கள்.

பெட்டியைப் போட்டால் இங்கிலீஷ்தான் வருகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இங்கிலீஷ். நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஏணி வைத்து ஏறினார். மேற்கே நம் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருக்க வேண்டிய ஆன்டெனா கிழக்கே திரும்பியிருந்தது, இங்கிலாந்துக் கோபுரத்தை நோக்கி. மேடையில் ஏறி இந்தச் சேனலுக்காக ஜெபம் பண்ணினவர் வீட்டு ஆன்டெனா. போதகர் கீழே நின்றுகொண்டு, காற்றில் திரும்பியிருக்கும் என்றார். டிலிஸ் ஆன்ட்டி சும்மா இருப்பாளா? "காத்தா? ரொம்பப் படிச்ச காத்து போல ஐயா. நட்டைக் கழட்டி, திருப்பி, மறுபடி முறுக்கியும் வச்சிருக்கே" என்றாள். கூடமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரைத் தட்டில் கொட்டிக்கொண்டாள். டிலிஸ் ஆன்ட்டி வீட்டு ஆன்டெனாவும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியுமே.

அப்பா அதைத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினார். போதகரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த நிமிடம் வரை பேசவில்லை. இன்று காலைப் பிரசங்கம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போதகர் பாவம், பைபிள் பக்கத்தை மாற்றி மாற்றிப் புரட்டினார். ஓர் ஆன்டெனாவுக்கே இப்படி என்றால் அம்மாவுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

ஆனால் அன்று படம் வந்ததே, அதையும் சொல்லியாக வேண்டும். மலை மறைப்பதால் கொஞ்சம் பனி கொட்டுவது போலத்தான் தெரிந்தது. திரையிலிருந்து ஒருவர் நம் மொழியில் மாலை வணக்கம் சொன்னார், யாரும் புதிதாக எதுவும் செய்யாதது போல, சாதாரணமாக. அப்பா தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை அக்கா. அப்பா வழக்குக்காகக் கோர்ட் வாசலில் மழையில் நின்று பாடியவள் அவள். இதுவும் உண்மை, அந்தத் துணிக்கடைத் தொடரும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்பது எனக்கே புரிகிறது. நாற்பத்தெட்டு வயது அப்பாவுக்குப் புரியாதா?

புரியாது. அவருக்கு ஆன்டெனா போலத்தான், ஒரே திசை.

அம்மா எப்போது டிலிஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள் என்பது உனக்குத் தெரியாது. அப்பாவை ஜெயிலுக்குக் கொண்டுபோன அன்றுதான். மாட்டைக் கறந்து, ஆட்டைப் பார்த்து, எனக்குச் சோறு போட்டுவிட்டு, டிவியைக்கூடப் போடாமல் இருட்டில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். டிலிஸ் ஆன்ட்டி வந்து, "எழுந்திரு, இங்க உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு எங்க வீட்டுல வந்து பொட்டியைப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனாள். பிறகு அப்பா வந்ததும் நம் பழைய டிவியை வண்டியில் ஏற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார், நம் மொழி பேசும் வரை பெட்டியே வேண்டாம் என்று. அம்மா போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் நான் கேட்டதற்கு, "அந்த அரை மணி நேரம் என் மனசு எங்கயோ இருக்கும்டி. யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அப்பாவைப் பற்றி இப்போது உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். அவர் கட்ட மறுத்த அபராதத்தை நீ லிவர்பூலிலிருந்து கட்டிவிட்டதால்தானே இரண்டாம் நாளே அவரை வெளியே அனுப்பினார்கள். மற்றவர்கள் எல்லாரும் முழுத் தண்டனையும் இருந்துவிட்டு வந்தார்கள், ஊர் மேளதாளத்தோடு அழைத்துவந்தது. அப்பா மட்டும் தனியாகப் பஸ்ஸில் வந்தார். நீ அவர் உடம்புக்குப் பயந்துதான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஊருக்காக வாயைத் திறக்கிறார்கள். வீட்டுக்குள் யாரும் திறப்பதில்லை. திறந்த ஒரே ஆள் நான், அதுவும் கேமரா முன்னால்.

இப்போது டிவி வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லாவற்றையும் பார்க்கிறார். ஆட்டு விலை, பாட்டுப் போட்டி, குழந்தைகளின் பொம்மைப் படம், எதையும் விடுவதில்லை. பொம்மைப் படத்துக்குக் கைகூடத் தட்டினார். அதனால் வியாழக்கிழமை அவர் பார்க்காமல் போய்விடுவார் என்று நம்ப வழியே இல்லை. போதாததற்கு, இன்று சபையில் மூப்பர் என்ற முறையில் அறிவிப்பு வாசிக்க எழுந்தவர், கடைசியில், "வியாழக்கிழமை எங்க லினெட் நம்ம சேனல்ல நம்ம பாஷைல பேசப் போறா. பெட்டியைக் கூடத்துக்கே கொண்டு வந்துடறேன். எல்லாரும் வாங்க. இதுக்குத்தானே இத்தனை பாடு பட்டோம்" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் என் வெள்ளைக் காலர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டிவியில் வரும்போது போட்டிருந்தது பள்ளிச் சீருடைதானே, இது எதற்கு என்றேன். "கூடத்துல எல்லாரும் திரும்பி உன்னைத்தானேடி பாப்பாங்க, கண்ணு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். சாப்பாட்டுக்குப் பிறகு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கீழே டெலிபோனுக்கு வந்தார். நான் இருப்பதைப் பார்க்கவில்லை. ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினார். முதல் மூன்று எண்களிலேயே லிவர்பூல் என்று தெரிந்துவிட்டது. அங்கே நமக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. விரல் தானாகப் போனது. கடைசி எண்ணில் விரலை வைத்தார். சுழற்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு ரிசீவரை வைத்தார். "வாடா" என்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த மழையில் வெளியே போய்விட்டார். சொல்ல நினைத்தது நான் டிவியில் வருவதைத்தான் என்று நினைக்கிறேன். வேறு என்ன இருக்கிறது சொல்ல?

இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ் ஏறும் முன் தபாலில் போடுவேன். செவ்வாய், அதிகம் போனால் புதன் உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவர் டிவியை வண்டியில் ஏற்றத் தொடங்குவார். அதற்கு முன்னால் ஐந்து மணிக்கு நீ கூப்பிடு. அவரை வீட்டிலேயே நிறுத்திவைக்கச் சொல்லவில்லை, அது நடக்காது. அவர் கேட்கத்தான் போகிறார், நடப்பது நடக்கட்டும். ஆனால் உன்னோடு பேசிவிட்டு அதே நாளில் அம்மாவோடு பேசாமல் இருக்க அவரால் முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய மௌனத்தை ஒரு தடவை உடைத்துவிட்டால் போதும். என்னால் செய்ய முடிந்தால் நானே செய்வேன். என்னிடம் அவர் பேசாமல் இருந்ததில்லையே, நான் எதை உடைப்பது?

அபராதத்தைப் பற்றிப் பேசாதே. மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவர் பதறிப்போய் வைத்துவிடுவார். சேனல் எப்படி இருக்கிறது என்று கேள், போதும். ஆன்டெனாவைப் பற்றிக் கேள், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருக்கிறார்.

படிக்கட்டில் யாரோ வருகிறார்கள். நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னை நல்லபடியாக வைக்கட்டும், வியாழக்கிழமை வரைக்குமாவது எங்களையும். அவர் ரிசீவரை எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் நீ வைத்துவிடாதே அக்கா. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.

உன் தங்கை,
லினெட்