பால் ஒத்துவராத வயிறு

ஒக்டோபர் 14, திங்கள்

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி மர வாங்கில் மூன்று மணித்தியாலம் குந்திக் காத்திருந்தேன். டொக்டர் என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளை. வயிற்றில் விரலை வைத்துத் தட்டினார். வெறும் பீப்பாய்ச் சத்தம். சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். கலியாணம் கட்டி ஒன்பது வருடம் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருப்பதாலோ என்னவோ, “கர்ப்பம் இல்லை அக்கா” என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். வேறு நோய் வருத்தம் ஒன்றும் இல்லையாம். வெறும் வாய்வாம்.

முப்பத்தேழு வயதில் என் வயிற்றில் தங்கினது காற்று மட்டும்தான்.

“ஒரு கொப்பியிலை எழுதுங்கோ அக்கா. என்ன சாப்பிட்டனீங்கள், எப்ப ஊதினது, எல்லாத்தையும்.” ஆறுதலாகச் சப்பிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு படுக்காமல் கொஞ்சம் நடக்க வேண்டும். பருப்பையும் கடலையையும் நன்றாக ஊறப்போட்டு அவிக்க வேண்டும். சோடா கூடாது. பிறகு, பால் குடிக்கிறனீங்களோ என்று கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு பேணி என்றேன். வயது போகப் போகச் சிலருக்குப் பால் செமிக்காதாம். “இரண்டு கிழமைக்கு நிப்பாட்டிப் பாருங்கோ.”

“அதுக்கு மாமியிட்டையெல்லோ கேக்கவேணும்” என்றேன். அந்தப் பிள்ளை சிரித்தது. நான் பகிடி விடவில்லை.

மாமி என்றால் என் கணவர் ஜெயசுதனின் தாய். உடம்புச் சூடு தணிந்தால் பிள்ளை தங்கும் என்று யாரோ சொல்ல, தை மாதம் ஒரு மாடே வாங்கிக் கட்டினார். காலையில் ஒரு பேணி, பின்னேரம் ஒரு பேணி. ஒரு நாளும் என்னைக் குத்திக் கதைத்ததில்லை. பாலைக் கொண்டுவந்து தருவார், நான் குடித்து முடிக்கும்வரை நிற்பார், வெறும் பேணியை வாங்கிக்கொண்டு போவார்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

காலை: பாண், சம்பல், பால். பதினொரு மணிக்கு ஊதத் தொடங்கியது.
மத்தியானம்: சோறு, பருப்பு, எங்கள் தோட்டத்து முட்டைக்கோவா. அவரும் மாமியும் சாப்பிட்டு எழும்பிய பிறகு நின்றபடியே ஐந்து நிமிடத்தில் விழுங்கினேன். (இதையும் எழுத வேண்டுமா?)
பின்னேரம்: பால். ஆறு மணிக்கு ஆறு மாதக்காரி வயிறு. ஓமத்தண்ணீர் குடித்தேன். வேர்க்கொம்பு போட்டுக் கோப்பி குடித்தேன். இரண்டு ஏவறை வந்தது. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 17, வியாழன்

கோதாரி பிடிச்ச வயிறு. பால் வேண்டாம் என்று மாமியிடம் சொல்ல இன்றும் வாய் வரவில்லை.

ஒக்டோபர் 20, ஞாயிறு

சங்கக்கடையில் வரிசையில் நின்றேன். பக்கத்து வளவுக் குணலட்சுமி அக்கா தான் இருந்த கதிரையை விட்டு எழும்பி, “இரு பிள்ளை, நிண்டு களைக்காதை” என்றார். பார்வை முகத்தில் இல்லை, வயிற்றில். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் விசரி மாதிரிக் கதிரையில் இருந்துவிட்டேன். கால் உளைந்தது, உண்மை.

நான் வீட்டுக்கு வர முன்னமே கதை வந்துவிட்டது. பின்னேரம் தேங்காய் துருவ இருந்தபோது மாமி வந்து துருவலையை இழுத்துக்கொண்டார். “விடு, நான் துருவுறன். நீ குனிஞ்சு நிமிராதை.”

ஒன்பது வருடத்தில் இந்த வீட்டில் ஒருவரும் என்னை இரு என்று சொன்னதில்லை.

ஒக்டோபர் 23, புதன்

பால் மூன்று பேணியாகிவிட்டது.

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? மூன்று மாதம் முடியும்வரை இங்கே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், கண்ணூறு படுமாம். கேட்கவும் மாட்டார்கள், சொல்ல விடவும் மாட்டார்கள். யாராவது “உண்டோ?” என்று கேட்டால் “இல்லை” என்று சொல்லலாம். கேட்காத கேள்விக்கு எப்படி இல்லை என்பது? மாமி, இது பிள்ளை இல்லை, வாய்வு என்று நடுக்குசினியில் நின்று அறிவிப்பதா?

எனக்கு மாதம் எப்போதும் தவறித்தான் வரும். ஆவணிக்குப் பிறகு வரவில்லை. மாதம் வருகிற நாட்களில் நான் சாமியறைக்குள் போவதில்லை, மாமிதான் விளக்கு வைப்பார். இப்போது இரண்டு மாதமாக ஒரு நாள்கூட விடாமல் நான் வைக்கிறேன். மாமி அதையெல்லாம் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஒக்டோபர் 26, சனி

ஜெயசுதனின் தங்கை தனுசியா கனடாவில் இருந்து போன் எடுத்தாள். மாமி போனைக் குசினிக்குள் கொண்டுபோய்க் குசுகுசுத்தார். பிறகு என்னிடம் தந்தார். “மச்சாள், நல்லா ரெஸ்ற் எடுங்கோ. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை” என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நானும் அழுதேன். அவள் வேறு மாதிரி நினைத்திருப்பாள்.

ஒக்டோபர் 28, திங்கள்

ஜெயசுதன் சந்தையால் வரும்போது மாதுளம்பழம் கொண்டுவந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அவருக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று தொடங்கினேன்: “இஞ்சேருங்கோ, அண்டைக்கு டொக்டர் சொன்னவ...”

“சொல்லாதையும்,” என்றார். “மூண்டு மாசம் போகட்டும். நீர் சொல்லாமலே எனக்கு விளங்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த மனுசன் இப்படிச் சிரிக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். பிள்ளைக்காகக் கொழும்பு டொக்டரிடமும் போய்க் களைத்துத் திரும்பிய அன்றோடு நின்றுபோன சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மறிச்சாலும் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. என்ரை பிழைதான். வேறை ஆற்றை பிழை?

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் விரதம் நான்தான் பிடிக்கிறது, பிள்ளை வேண்டி. இந்த முறை மாமி விடவில்லை. “நீ வயிறு காயக்கூடாது. உனக்காக நான் பிடிக்கிறன்.” அறுபத்தெட்டு வயது, சீனி வருத்தம். இரவு ஒரு நேரம் மட்டும் இளநீரும் ஒரு வாழைப்பழமும். வேண்டாம் மாமி, வேண்டாம் என்று கெஞ்சினேன். எதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை என்ன செய்தால் தகும்?

நவம்பர் 5, செவ்வாய்

சுன்னாகத்துப் பாமசியில் கர்ப்பம் சோதிக்கிற பெட்டி ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடு. தெரிந்ததுதானே. பிறகு ஏன் பார்த்தாய், விசரி? ஏன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றாய்?

நவம்பர் 7, வியாழன்

சூரன்போர். மாமியால் நடக்க முடியவில்லை, ஜெயசுதன் ஓட்டோவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். உள்ளே வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டுத் திருநீற்றை எடுத்தார். நெற்றிக்கு என்று குனிந்தேன். வயிற்றில் பூசினார். உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை. பாலை நிற்பாட்டுகிறேன். வயிறு தானாக வற்றட்டும். கண் இருக்கிறவர்கள் கண்டு விளங்கிக்கொள்ளட்டும்.

நவம்பர் 11, திங்கள்

நாலு நாளாகப் பாலை வாழையடியில் ஊற்றுகிறேன். மாமி விரதக் களைப்பில் படுத்திருப்பதால் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. பருப்பை ஊறப்போட்டுப் பெருங்காயமும் உள்ளியும் போட்டு அவித்தேன். கதிரையில் இருந்து சப்பிச் சாப்பிட்டேன். வளவைச் சுற்றிப் பத்துத் தரம் நடந்தேன்.

டொக்டர் பிள்ளை சொன்னது சரி. இன்று காலை வயிறு தட்டை. ஊதவில்லை, இரையவில்லை, குத்தவில்லை. ஒரு வருடமாகப் போடாத சட்டை ஏறியது. பத்து மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டேன். அலுமாரிக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை.

மாமி படுக்கையில் இருந்து பார்த்தார். முகத்தை, வயிற்றை, திரும்ப முகத்தை. “என்ன பிள்ளை, வாடிப்போனாய்? பால் குடிச்சனியோ?”

குடிக்கிறேன் என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு பேணி குடித்தேன்.

நவம்பர் 13, புதன்

காலை: பால் இரண்டு பேணி.
மத்தியானம்: ஊறப்போடாமல் அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கு. வேணுமென்று அவசரமாக விழுங்கினேன்.
பின்னேரம்: பால். சோடா ஒரு போத்தல்.
ஐந்து மணிக்கு வயிறு வந்துவிட்டது.

டொக்டர் பிள்ளை, இதையும் எழுதத்தான் வேணுமோ? மருந்து கண்டுபிடிச்சாச்சு. வருத்தத்தை விட மனமில்லை.

நவம்பர் 16, சனி

குத்து. நிமிரவும் முடியவில்லை, குந்தவும் முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி எழும்பி வந்து சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தந்தார். முதுகைத் தடவிவிட்டார்.

“உப்பிடித்தான் பிள்ளை. எனக்கும் சுதன் வயித்திலை இருக்கேக்கை உப்பிடித்தான். பொறுத்துக்கொள்.”

என்ரை கடவுளே, இந்த மனுசிக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறன்.

நவம்பர் 21, வியாழன்

விடிய வந்துவிட்டது. மாதம்.

நாள் முழுக்க மழை. நாள் முழுக்க யோசித்தேன். பின்னேரம் ஆறு மணிக்கு மாமி சாமியறை வாசலில் பூத்தட்டோடு நின்றார், நான் வந்து விளக்கு வைக்கவேண்டும் என்று. நான் குசினிப் படியிலேயே நின்றேன்.

“மாமி, விளக்கு நீங்கள் வையுங்கோ.”

அந்த ஒரு சொல்லு போதும். பூத்தட்டைக் கீழே வைத்தார். “எப்ப தொடக்கம்? ரத்தம் கனக்கப் போகுதோ? ஐயோ, சுதனைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம். கலைஞ்சுபோச்சே... என்ரை முருகா...”

கலைந்துபோனது. என் வாய்க்குள் தாமே கொண்டுவந்து ஒரு பொய்யை வைத்தார். ஓம் என்றால் போதும். எல்லாரும் சேர்ந்து அழுவார்கள், எனக்குப் பத்தியம் வைப்பார்கள், ஒருவரும் என்னைக் கோபிக்கமாட்டார்கள். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வெடித்த உதட்டைப் பார்த்தேன். முடியவில்லை.

“ஒண்டும் கலையேல்லை மாமி. ஒண்டும் இருக்கேல்லை. அது வாய்வு. பால் எனக்கு ஒத்துவரேல்லையாம். டொக்டர் அண்டைக்கே சொன்னவ.”

“எண்டைக்கு?”

“ஒக்டோபரிலை.”

மாமி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் சஷ்டி பிடிக்கேக்கை உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

அவர் உள்ளே போய் விளக்கை வைத்தார். ஒவ்வொரு நாளும் பாடுகிற தேவாரத்தை இன்று பாடவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் பால் வரவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

மழையில் கோவாப் பாத்தியெல்லாம் தண்ணீர். ஜெயசுதன் அதைச் சாட்டித் தோட்டத்திலேயே நிற்கிறார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “சொல்லாதையும் எண்டனான்தான். அம்மாவுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்.” பிறகு தண்ணீரை வெட்டிவிடத் திரும்பிக்கொண்டார். ஏசியிருந்தால் நல்லது. ஏச மாட்டாராம்.

குணலட்சுமி அக்கா இன்று வேலிக்கு அந்தப் பக்கமாகவே நின்று தேங்காய்ப்பூ கேட்டார். ஊருக்கு யார் சொன்னதோ, என்ன சொன்னதோ தெரியாது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. இதையும் கேட்கமாட்டார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

கிளினிக். டொக்டர் பிள்ளைக்குக் கொப்பியைக் காட்டவில்லை, வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். பாலை நிற்பாட்டினேன், வற்றிவிட்டது என்றேன். தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சுகம் அக்கா, சந்தோசம்தானே?” என்றார். ஓம் என்றேன். வெளியே வந்து வாங்கில் இருந்து, பஸ் இரண்டு போகும்வரை எழும்பவில்லை.

டிசம்பர் 11, புதன்

கனடாப் பெட்டி வந்தது. அந்த போன் கதைத்த கிழமையே தனுசியா அனுப்பியிருக்கிறாள், கப்பலில். ஒன்றும் இல்லை என்று பிறகு மாமிதான் அவளுக்குச் சொன்னவர். கடலில் போகிற பெட்டியை அவள் எப்படித் திருப்பிக் கூப்பிடுவாள்?

ஜெயசுதன் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மாமி நிலத்தில் இருந்து ஒட்டியிருந்த ரேப்பைக் கத்தியால் வெட்டினார். நான் கதவடியில் நின்றேன். சொக்லேட் எடுத்தார். கோப்பிப் போத்தல், முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு, ஜெயசுதனுக்கு ஒரு முழுக்கைச் சேட். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் மெத்தென்று ஏதோ மடித்திருந்தது. மாமியின் கை அதன்மேல் பட்டு நின்றது. வெளியே எடுக்கவில்லை. மேலே ஒரு பேப்பரை விரித்துப் பெட்டியின் வாயை மடித்தார்.

“கயிறு ஒண்டு கொண்டுவா பிள்ளை.”

மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளை என்று கூப்பிட்டார். கயிறு கொண்டுபோய் அவருக்கு எதிரே இருந்தேன். அவர் கட்டினார், முடிச்சுப் போடும் இடத்தில் நான் விரலை வைத்துப் பிடித்தேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

“வயிறு இப்ப எப்பிடி?”

“வத்திட்டுது மாமி.”

“ம்” என்றார். முடிச்சை இறுக்கினார். இரண்டு பேருமாகப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம்.