கம்பி தெரியும் லேபல்

3.6.2008, செவ்வாய்
காலையிலிருந்தே தூறல். மிளகு முற்றத்தில் காயாது. எல்லாம் ஸ்டோருக்குள்.

கொழும்பிலிருந்து ரேடியோ லேபல் மாதிரிகள், மூன்று வகை. வாசிக்கும் கருவி ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து இந்த லேபல் ஒட்டாத சாக்கை வெளிநாட்டு வியாபாரி எடுக்கமாட்டாராம். சாக்கைப் பிரிக்காமலே எந்தச் சாக்கு, யாருடையது என்று கருவி காட்டிவிடும்.

கொழுந்தனார் மகன் ராஜன்: "இதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது பெரியம்மா. நான் பாத்துக்கிறேன்."

அவன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஆங்கிலக் கையேட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். கொன்வென்ட் பள்ளியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

5.6, வியாழன்
ஸ்டோரைப் பார்க்கும் செல்லமும் நானும் சோதித்தோம்.

வெள்ளைக் காகிதம்: ஈரத்தில் உரிந்தது.
கறுப்பு, தடித்தது: உறுதி. பார்க்க லட்சணம்.
கண்ணாடி போன்றது: அதுவும் உறுதிதான். ஆனால் உள்ளே கம்பிச் சுருள், கடுகளவு சிப், எல்லாம் வெளியே தெரிகிறது. அசிங்கம்.

சாதிக்காய் எண்ணெய்த் தகரத்தில் ஒட்டினால் மூன்றுமே ஊமை, கருவி எதையும் காட்டவில்லை. தகரத்துக்கு வேறு வகை வேண்டுமாம். கையேடு, பக். 9.

கறுப்பு. என் முடிவு.

பல்வலி. கராம்பு வைத்தேன்.

9.6, திங்கள்
கறுப்பு லேபலோடு முதல் பத்துச் சாக்கு போனது. கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் லொறியை மறித்துவிட்டார்கள். சிப்பாய் ஒருவன் லேபலைக் கிழித்திருக்கிறான், உள்ளே கம்பி, குண்டோ என்று சந்தேகம். எல்லாச் சாக்கையும் இறக்கிவிட்டார்கள். டிரைவரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

ராஜன்: "நம்ம தமிழ்ப் பேருல அனுப்பினா இப்பிடித்தான் பெரியம்மா. யாராவது கொழும்புச் சிங்கள முதலாளி பேரப் போட்டு விடுவோம். வாங்குறவனுக்கு மிளகுதானே வேணும்."

என்னவர் வைத்த பெயர். நாற்பது வருடமாகச் சாக்கில் இருக்கிற பெயர். சாம்பல் நிறச் சேலை, கையேடு, கருவி, லேபலை வெட்டிக் காட்டக் கத்தரிக்கோல். வேனில் போனேன். கத்தரிக்கோலை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அதிகாரிக்கு ராஜன் வயதிருக்கும். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதிரை தந்தார், உட்காரவில்லை. நின்றபடியே சிங்களத்தில் விளக்கினேன். கருவியை அவர் கையிலேயே கொடுத்து, லேபலுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பீப். சாக்கு இலக்கம், எங்கள் பெயர்.

அவர் சிங்களத்தில் கேட்டது ஒன்றுதான். ஒளிக்க எதுவும் இல்லையென்றால் ஏனம்மா கறுப்பால் மூடினீர்கள்?

லட்சணத்துக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று அங்கே பேசப்பட்டதில் நியாயமான கேள்வி அது மட்டும்தான். பிழை என்னுடையது.

நாலு மணிக்கு விட்டார்கள். டிரைவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

10.6, செவ்வாய்
வெயில். மிளகு முற்றத்துக்கு. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்க மறந்துவிட்டேன், கேட்பேன்.

கண்ணாடி லேபலுக்கு ஓடர் கொடுத்தேன். கம்பி தெரியட்டும். கீழே எங்கள் பெயர், மூன்று மொழியிலும். பெயரையாவது சின்னதாகப் போடலாம் என்றான் ராஜன்.

"பெரிசாப் போடு. தூரத்துலயே வாசிக்கட்டும்."

சாக்கின் எந்தப் பக்கம் ஒட்டுவது என்று செல்லம் கேட்டாள். லொறிக் கதவைத் திறந்ததும் தெரிகிற பக்கம்.

வியாழன் லொறி. முன் சீட்டில் நான்.