தரைத்தள வீட்டு மனு

சின்னவளுக்கு,

தரைத்தள வீடு கேட்டு நான் கொடுத்த மனுவை விசாரிக்க, குடியிருப்பு அலுவலகத்திலிருந்து நேற்று ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். லிஃப்ட் இல்லாத நான்கு மாடியும் ஏறி, மூச்சிரைக்க வாசலில் நின்றாள். வீட்டுக்கு வந்தவளை உட்கார்ந்துகொண்டேவா வரவேற்பது? ஊன்றுகோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தேன். சுவரைப் பிடிக்காமல் சமையலறைவரை நடந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பரவாயில்லையே, நல்லாத்தான் நடக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஏதோ ஓடுதும்மா" என்றேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், சின்னப் பெண்ணிடம் முழங்காலைக் காட்டி அழவா? டாக்டர் சான்றிதழ் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மனு தள்ளுபடியாம்; இனி ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாமாம்.

அவள் போனபின் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். மறுபடி எழுந்திருக்கும்வரை, துண்டுகளைப் பொறுக்கத் தரையில் நிறைய நேரம் கிடைத்தது.

ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது. கவலைப்படாதே.

கடிதம் தாமதமாக வந்தால் தபால்காரரைத் திட்டாதே. கீழே போகிறவர் யாராவது என் கதவைத் தட்டும்வரை இது மேசையில்தான் இருக்கும்.

அப்பா