அப்பாவின் பெயரில் போன வான்கோழி

அண்ணா, இதை நீங்கள் மட்டும் வாசியுங்கள், அண்ணிக்கும் காட்டவேண்டாம், வாசித்ததும் கிழித்துப்போடுங்கள். முன்பக்கம் இருப்பது அம்மாவின் கடிதம், வழமைபோல அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை மகன், உன் சுகத்துக்காகத் தினமும் மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று தொடங்கியிருக்கிறதே, அதில் மெழுகுதிரி மட்டும்தான் உண்மை. பின்பக்கத்தை நான் குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன். நாளைக் காலையில் கீழ்வீட்டு ஷஹீமா அக்கா உங்களுக்கான கேக்கோடு கனடாவுக்குப் புறப்படுகிறார், கடிதமும் அதோடு வரும். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் அது அம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது, அப்பா கோல் எடுப்பார் என்று.

அப்பா கப்பலில் ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் கப்டனுக்கு வான்கோழி சமைத்ததையும், வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுத்த முறை உங்களுக்கும் ஒண்டு செய்து தாறன் என்று சொன்னதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் கடலில் காணாமல்போன இந்த மூன்று வருடத்தில் அம்மா அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. இந்த வருடம் திடீரென்று வெள்ளவத்தைக் கடைக்குப் போய் ஐஸ்கட்டிபோல ஒரு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐஸ் இளக மூன்று நாள் இங்கே குளியலறை பேசினுக்குள் குளிர்ந்த தண்ணீரில்தான் கிடந்தது. அதன்மேல் அப்பா உடுக்கும் சாரத்தைப் போர்த்தியிருந்தார். நான் முகம் கழுவ வரும்போது அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, யாரோ குந்தியிருப்பதுபோல இருக்கும். அப்பாவின் சமையல் கொப்பியைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தார், மஞ்சளைத் தவிர. கொப்பியில் மஞ்சள் இல்லையே அம்மா என்றேன், அதுக்கு, வெள்ளைக்காரனுக்குச் செய்தவர் எழுதேல்ல, நாங்கள் மஞ்சள் பூசாத இறைச்சியைத் தின்னுறதோ என்று கேட்டார். நாங்கள் இரண்டுபேரும் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

வீட்டில் போறணை அடுப்பு இல்லாதபடியால் இன்று காலைப் பூசை முடிந்ததும் வான்கோழியைத் தட்டத்தோடு நபீஸ் நானாவின் பேக்கரிக்குக் கொண்டுபோனோம், நத்தார் கேக் சுடக் கொடுப்பதுபோலவே. அடையாளத் துண்டில் பெயர் எழுத வேண்டும், அம்மா செபஸ்தியன் என்று எழுதச் சொன்னார். அப்பாவின் பெயரை எழுதக் கை கூசியது, ஆனாலும் எழுதினேன். வீட்டுக்கு வந்து கொப்பியின் முந்தின பக்கத்தைப் புரட்டியபிறகுதான் அம்மா நெஞ்சில் கைவைத்தார். ஈரல், இதயம் எல்லாம் ஒரு சின்னப் பையில் போட்டு வயிற்றுக்குள்ளேயே வைத்து விற்பார்களாம், முதலில் அதை எடுக்க வேண்டும் என்று கொப்பியில் இருக்கிறது. எங்கள் சந்தைக் கோழிக்கு அப்படி ஒன்று இல்லையே, நாங்கள் வயிற்றுக்குள் கையே விடவில்லை. சரி, வந்தபிறகு எடுப்பம் என்று சொல்லிவிட்டு அம்மா மத்தியானம் கோயிலுக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். நபீஸ் நானா என்னைப் பார்த்து, ஒங்கட அப்பா அப்பவே வந்து எடுத்துட்டுப் போய்ட்டாரே மகள், போறணையில நெருப்பு கூடன்னு எனக்கே பாடம் எடுத்தாரு என்று சிரித்தார். அவர் போன வருடம்தான் அந்தப் பேக்கரியை எடுத்தவர், அப்பாவைக் கண்டதே இல்லை. எந்த அப்பா என்று கேட்டேன். இடது கையில சின்ன விரல் இல்லையே, தட்டத்தை விட்டுடுவாரோன்னு பயந்தன் என்றார். அண்ணா, அப்பாவுக்கு இல்லாத அதே விரல், நான் ஓடிவந்தேன். பூட்டு பூட்டினபடியே இருந்தது. திறந்தால் மேசையில் தட்டம். பக்கத்தில் ஒரு கோப்பையில் அந்த ஈரலும் இதயமும் பொரித்து, அப்பா வைப்பதுபோல மெல்லிசாக வெட்டி வைத்திருந்தது. இந்த வீட்டுக்கு இரண்டு சாவிதான். ஒன்று என் பாவாடைப் பையில் இருந்தது. மற்றது அப்பாவோடு கப்பலில் போனது.

அம்மா வந்து பார்த்துத் திடுக்கிடவே இல்லை. நேரத்துக்கே வந்திட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். இரவு நீங்கள் வீடியோவில் அந்த மூன்றாவது கோப்பையைக் கண்டு, அப்பா வந்தாலும் வருவார், ஆர் கண்டது என்று சொன்னீர்கள். அம்மாவைத் தேற்றத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஃபோனை வைத்ததும் அம்மா தன் உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்தார். அவர் வந்து கூப்பிட்டால் நான் போவன், நீ அண்ணாவிட்டப் போ பிள்ளை என்றார், சந்தைக்குப் போவதுபோல.

அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தச் சொல்லைத் திருப்பி எடுங்கள். கடிதம் கிடைத்த உடனே கூப்பிட்டு, அப்பா இனி இல்லை அம்மா, அவரின் ஆத்துமத்துக்குப் பூசை கொடுப்போம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் உயிரோட இருக்கிற மனுசனுக்கோ என்று என்னை ஏசுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். முன்பக்கத்தில் அம்மா எழுதச் சொன்ன ஆசீர்வாதத்தையும், குளிருக்குக் காதுமூடித் தொப்பி போடு என்றதையும் அப்படியே எழுதியிருக்கிறேன், போடுங்கள்.

அம்மா பாயை வாசல் கதவடிக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் படுத்திருக்கிறார். தாழ்ப்பாள் போடாதே, அவரிட்டச் சாவி இருக்கு என்றார். அவர் கண்ணயர்ந்த நேரம் நான் தாழ்ப்பாளைப் போட்டு ஆமைப்பூட்டும் போட்டுவிட்டேன், அதன் சாவி என் கையில் இருக்கிறது. இனி யார் வந்தாலும் தட்டத்தான் வேண்டும். அப்பா எப்படித் தட்டுவார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதுதானே, இரண்டு தரம் கெதியாக, பிறகு கொஞ்சம் பொறுத்து ஒன்று. அதைக் கேட்டால் நான்

அண்ணா, தட்டுகிறார்கள். இரண்டு. அம்மா எழும்பிவிட்டார், பாய் சரசரக்கிறது, மகள் சாவியைத் தா என்கிறார், கோபமில்லாமல். மூன்றாவது இன்னும் கேட்கவில்லை, வேறு யாராகவும் இருக்கலாம், மூன்றாவது