கடைசி வாய்ச் சோறு

என் கலியாவுக்கு,

முத்து சாப்பிடுகிறாள். மற்ற செய்தியெல்லாம் அப்புறம். எங்கே இருந்தாலும் நீ முதலில் கேட்பது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

கோட்டுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு, பட்டினச்சேரியில் உன் வீட்டிலேயே இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற பிறகு என்னை எதிர்பார்த்து அங்கே யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து உன் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுப் போன அக்காதான், இப்போது உன் அடுப்படியில் நிற்கிறேன். உப்பு எங்கே, புளி எங்கே என்று தேடித்தான் எடுக்கிறேன். அதையெல்லாம் நீ கட்டிய மனைவி தேவகிக்குக்கூடக் காட்டி வைக்கவில்லையே, தம்பி.

உன் மகள் முத்துவுக்குப் பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்காது, கை தன் இஷ்டத்துக்கு இழுக்கும், பேச்சு கிடையாது. விழுங்குவதுதான் அவளுக்குப் பெரிய வேலை. அவள் வளர வளர ஊட்டுவது கடினமானபோது நீ கடலுக்குப் போவதை நிறுத்தினாய். கரையிலேயே வலை சீர்பண்ணும் வேலைக்கு உட்கார்ந்தாய். தேவகி மீன் கூடையோடு காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போக, நீ வீட்டில் கரண்டி பிடித்தாய். ஊரில் கேலி செய்தார்கள். "கரண்டியா? நான் சுக்கானில்ல பிடிக்கிறேன்" என்று சிரித்தே அவர்கள் வாயை அடைத்தாய்.

அந்தச் சுக்கானை நீ விட்ட நாள் எனக்கு மறக்காது. வலை ஊசியைக் கையில் பிடித்தபடி மார்வலி என்று சாய்ந்தாயாம். நான் வந்து சேர்ந்தபோது, முத்துவுக்காக நீ பிசைந்து மூடி வைத்திருந்த சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பிள்ளைக்கு ஊட்ட எத்தனை கைகள்! எல்லாம் பாசமான கைகள்தான். 'பாப்பா, பாப்பா' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள், கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது போலவே மடியில் படுக்கப் போட்டு, தலையை அண்ணாத்தி, ரசஞ்சோற்றைக் கரைத்து வாயில் விட்டார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, கலியா. தண்ணியாக இருப்பதுதான் அவள் தொண்டைக்கு ஆபத்து என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்? புரையேறி, உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வாய் வழியாக இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தேவகியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அது தண்டனை இல்லை, சில பிள்ளைகளுக்கு அதுதான் உயிர் என்று தன்மையாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும், சோற்றின் ருசி ஒன்றுதான் அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் வாய்த்தது. அதுவும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்கும் பயிற்சியம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம், உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். நீ படகு ஆசாரியிடம் சொல்லிச் செய்த நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தேன். முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி அவள் கண்ணுக்கு நேராகத் தாழ உட்கார்ந்தேன். துக்க வீட்டில் மீன் கிடையாது. பருப்புச் சோற்றைக் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு மசித்தேன். எல்லாம் உன்னைப் போலவேதான். ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்ப்பாள், வாசலைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

தேவகி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. வற்புறுத்தினால், "பிள்ளை சாப்பிடட்டும் அண்ணி" என்பாள்.

பிறகு ஒரு காலை நேரம். கரையில் பெரிய வலை இழுத்தார்கள். காற்று நம் பக்கம் அடித்தது. ஒருவர் 'ஏலேலோ' என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' என்று இழுக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. முத்துவின் வாய் திறந்தது. கரண்டியே அருகில் இல்லை. சத்தம் கேட்டதும் திறந்தது, ஓய்ந்ததும் மூடிக்கொண்டது.

அப்போதுதான் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் போடும் முன்பு நான் மேசையை ஒரு தட்டு தட்டுவேன். ஒருநாள் என் வகுப்புக்கு வேறொரு டீச்சர் போய் மேசையைத் தட்டாமல் சொல்லத் தொடங்க, பிள்ளைகள் பலப்பத்தைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காது கேட்காதா என்று என்னிடம் கேட்டார். காதெல்லாம் நன்றாகவே கேட்கும். இப்போது தொடங்குகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வாய்க்கும் நீ 'ஏலேலோ' சொன்னதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். உன் விளையாட்டுச் சுபாவம் என்று நினைத்திருந்தோம். காரியம் முடியாத வீட்டில் யாராவது வலைப்பாட்டுப் பாடுவார்களா? துக்கத்துக்கு மரியாதை என்று நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அந்தப் பிள்ளையும் மூடிக்கொண்டது.

நான் கரண்டியை எடுத்து 'ஏலேலோ' என்றேன். வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிடுவது போல வந்தது. முத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படி இல்லீங்க அண்ணி." சுவரோரத்திலிருந்து தேவகியின் குரல். "அவங்க மெதுவாத்தான் கூப்பிடுவாங்க. கூப்பிட்டுட்டு நிப்பாட்டிடுவாங்க. இது வாயத் தொறந்தப்புறம்தான் ஐலசா."

எழுந்து வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "ஏலேலோ..." என்றாள். முத்து அவளையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு வாய் திறந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்த நம் சித்தப்பா வாசலுக்கு வந்துவிட்டார். "காரியம் முடியல. வீட்டுக்குள்ள என்னம்மா வலை இழுக்கிற சத்தம்?"

தேவகி திரும்பவில்லை. "பிள்ளை சாப்பிடுது மாமா" என்றாள்.

சித்தப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் முத்துவின் தொண்டை ஏறி இறங்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். சோறு ஆறி, திரும்பச் சூடு பண்ணி, மறுபடியும் ஆறியது.

கடைசி வாயை மட்டும் அவள் வாங்கவில்லை. தேவகி கூப்பிட்டும் வாங்காமல் வாசலைப் பார்த்தாள். தட்டை எடுக்கப் போனால் முனகினாள். எனக்குப் புரியவில்லை. தேவகிக்குப் புரிந்துவிட்டது. "கடைசி வாய் அவங்களுக்கு" என்றாள். முத்து தட்டில் மிஞ்சும் அந்த ஒரு வாயை நீதானே தினமும் சாப்பிடுவாய்? வரவேண்டியவர் வரவில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்வது, கலியா?

தேவகி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அந்தச் சோற்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அதை அவள் விழுங்கி முடிக்கும்வரை முத்து தன் அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்துவிட்டது. கிழங்கான் மீனை அவித்து, முள் எடுத்து, விரலுக்கிடையில் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துத்தான் சோற்றில் சேர்க்கிறேன். குழாய் வேண்டுமா என்பதை எடை பார்த்துத்தான் சொல்வோம் என்கிறார் டாக்டர். இன்னும் சொல்லவில்லை. வேண்டியிருந்தால் வைத்துக்கொள்வோம், பயப்பட மாட்டோம். தேவகி மறுபடியும் கூடை எடுக்கிறாள். பகலில் கரண்டி என்னிடம். என் 'ஏலேலோ' இன்னும் வருகைப்பதிவு மாதிரிதான் இருக்கிறது. போனால் போகிறது என்று முத்து வாய் திறக்கிறாள்.

எனக்குப் பிறகு யார் என்று இருக்கிற பயத்தை உன்னிடம் மறைக்க முடியாது. உனக்கும் அந்தப் பயம் இருந்தது. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: என் கையில் தெம்பு இருக்கிற வரைக்கும் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, கூப்பிட்டு, காத்திருந்துதான் ஊட்டுவேன். அந்தக் கடைசி வாய் தட்டில் மிஞ்சாது. வாசலைப் பார்ப்பதை மட்டும் அவள் இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

உனக்கான கடைசி வாயை இப்போது சாப்பிடுகிற,
உன் அக்கா