மூன்றாம் வருடம்

ரெய்னர்ஸ் லேன்,
2 மார்ச் 2025

அன்புள்ள யசோ அக்காவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் கதைத்தால் மாமி கேட்டுக்கொண்டிருப்பா. இவரும் ஜதுவும் படுத்த பிறகுதான் எனக்கு நாலு வரி எழுத ஏலும். நீங்களும் அத்தானும் சுகம்தானே?

இரண்டு இடமும் கிடைத்துவிட்டது அக்கா. இங்கே மெடிசினுக்கு மூன்று தரம் கேட்டும் கிடைக்காத எனக்கு, அமெரிக்காவில் இரண்டு ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் இடம் தந்திருக்கின்றன. ஒன்று வடக்கே, பனி ஊரில். நூறு வருடப் பழசு, பக்கத்திலேயே சொந்த ஆஸ்பத்திரி. மற்றது உங்கள் ஊரில் புதிதாகத் திறந்தது. அதன் முதல் பட்ச் பிள்ளைகளே இன்னும் படித்து முடிக்கவில்லை. முழு அங்கீகாரம் அதற்குப் பிறகுதானாம்.

வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. லண்டனில் ஒஸ்டியோபத் என்றால் முதுகு நோவுக்குப் போகிற ஆள். அங்கே முழு டொக்டர், ஒப்பரேஷனும் செய்யலாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். "முதுகு பிடிச்சுவிட ஈஸ்ட் ஹாமிலயே ஆக்கள் இருக்கினம் பிள்ளை, அதுக்கேன் பிளேன் ஏறுறாய்?" என்று மாமி கேட்கிறா. இவர் சிரிக்கிறார். கடையை விட்டுவிட்டு இவரால் வரவும் ஏலாது.

பழைய கல்லூரி என்றால் ஜதுவை மாமியிடம் விடவேண்டும். நாலு வயதுப் பிள்ளை. உங்கள் ஊர் என்றால் அவனும் என்னோடு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஒருக்கால் அந்தக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏப்ரல் நடுவில் முடிவு சொல்லவேண்டும்.

அன்புத் தங்கை,
லக்‌ஷிகா


டெக்சஸ்,
14 மார்ச் 2025

என் செல்ல லக்‌ஷிக்கு,

போய்ப் பார்த்தேன். கட்டடம் பளபளவென்று இருக்கிறது. முதுகு பார்க்கப் பழகுகிற மேசைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அங்கே இருந்தவர்கள் நன்றாகக் கதைத்தார்கள். புதிது என்று பயப்படாதே. உன் நூறு வருடக் கல்லூரியையும் ஒருநாள் புதிதாகத்தானே திறந்திருப்பார்கள்.

ஜதுவின் அறை ஆயத்தம். அத்தானே நின்று மஞ்சள் பெயின்ற் அடித்தார். கட்டில் வந்துவிட்டது. படம் அனுப்புகிறேன், அவனுக்குக் காட்டு. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். அவன் புட்டுக்கு வாழைப்பழம் கேட்பான், கத்தரிக்காய் தொடமாட்டான், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வேலையிலும் அரைநாள் கேட்டுவிட்டேன். எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கென்று ஒதுக்கின அந்த அறையில் பத்து வருடமாக அயன் பண்ணுகிற மேசையும் பழைய சூட்கேசும்தான் கிடந்தன. அதைப்பற்றி எழுதினால் அழுகை வரும், விடு.

நாலு வருடமும் நான் பார்த்துக்கொள்வேன். நீ எந்த ஊரில் நின்று படித்தாலும் பிள்ளை என்னோடு இருப்பான். யோசிக்காமல் ஓம் சொல்லு.

உன் அக்கா,
யசோதினி


ரெய்னர்ஸ் லேன்,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. ரயிலில் பக்கத்தில் இருந்த ஆளுக்கும் ஜது அதைக் காட்டினான். "அக்கா இருக்கிறா, பிறகென்ன, போ" என்று இவரும் சொல்லிவிட்டார். புதிய கல்லூரிக்கே ஓம் சொல்ல இருந்தேன்.

'எந்த ஊரில் நின்று படித்தாலும்' என்று நீங்கள் எழுதியதுதான் உறுத்தியது. உங்கள் ஊரில் படிக்கப்போகிறவள் வேறெந்த ஊரில் நிற்கப்போகிறேன்? கல்லூரிக்கு போன் எடுத்தேன். சொந்த ஆஸ்பத்திரி இல்லாதபடியால் மூன்றாம் வருடத்திலிருந்து மாணவர்களைப் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். காரில் எட்டு மணித்தியாலத் தூரத்துக்கும் அனுப்பலாமாம். இரவு பகல் ஷிப்ட். அங்கே பிள்ளையை யாரிடம் விடுவது?

போனில் கதைத்த பெண் நல்ல மனுஷி. இதெல்லாம் உங்கள் அக்காவிடம் விவரமாகச் சொன்னேனே என்றா. நீங்கள் திருப்பிக் கேட்டது ஒன்றுதானாம்: தாயை வேறு ஊருக்கு அனுப்பினாலும், பிள்ளை இங்கேயே பள்ளிக்கூடம் போகலாமா?

அக்கா, இதை ஏன் எனக்கு எழுதவில்லை?

லக்‌ஷிகா


ரெய்னர்ஸ் லேன்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. அத்தானும் போன் எடுக்கிறாரில்லை.

பழைய கல்லூரிக்கு ஓம் சொல்லிவிட்டேன். ஜூலையில் பயணம். மாமி இப்பவே ஜதுவைத் தன் அறையில் படுக்கவைக்கிறா, "அப்பம்மாவோட பழகட்டும்" என்று. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் என்னைக் கூப்பிடுகிறான். நான் போகக்கூடாதாம். போகாமல் இருந்து இதை எழுதுகிறேன்.

பழைய பெயர், சொந்த ஆஸ்பத்திரி என்றுதான் எல்லோருக்கும் காரணம் சொன்னேன். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. உங்களிடம் விட்டால் அவன் சந்தோஷமாக இருப்பான், அது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் என்னைத் தேடவும் மாட்டான். மாமியிடம் விட்டால் தேடி அழுவான். அழட்டும் என்று நினைத்தேன் அக்கா. பெற்றவள் நான், அப்படித்தான் நினைத்தேன். பிறகு உங்கள் மேல் எப்படிக் கோபப்படுவது?

அந்த மஞ்சள் அறைப் படத்தை நான் அழிக்கவில்லை. "பெரியம்மா வீட்டை எப்ப போறம்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறான். கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபமென்றால் கோபமென்றே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

லக்‌ஷி